கப்பலில் டைனிங் பேக்கேஜ் வாங்கலாமா? கணக்குப் போட்டு முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

க்ரூஸ் டிக்கெட் போட்ட சில நாட்களிலேயே மெயில் வர ஆரம்பித்துவிடும். அன்லிமிடெட் டைனிங் பேக்கேஜில் (கப்பலில் தனிக் காசு வாங்கும் ரெஸ்டாரன்ட்களில் ஒரே தொகைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் சாப்பிடும் திட்டம்) தள்ளுபடி, இந்த வாரம் மட்டும், இன்றே கடைசி. டிக்கெட்டிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம்தானே, பிறகு இது எதற்கு என்று பாதிப் பேர் கேட்பார்கள். ஒரு முறைதானே போகிறோம், வாங்கிவிடலாம் என்பார்கள் மீதிப் பேர். இரண்டு தரப்பும் கணக்குப் போடுவதில்லை. போட்டால் அரை மணி நேர வேலை.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ராயல் கரீபியன். சிங்கப்பூரிலிருந்து 3, 4 இரவுப் பயணம் போகிற நம்மவர்களில் பலர் ஏறுவது இந்தக் கம்பெனியின் கப்பல்களில்தான். அமெரிக்காவில் இருப்பவர்கள் மயாமியிலிருந்து 7 இரவு கரீபியன் போவதும் இதில்தான். மற்ற கம்பெனிகளில் பெயரும் சதவீதமும் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. கீழே வரும் பேக்கேஜ் விலைகளும் ரெஸ்டாரன்ட் விலைகளும் கணக்கைக் காட்டுவதற்கான மாதிரி எண்கள். விமான டிக்கெட் போலவே இவையும் கப்பலுக்குக் கப்பல், வாரத்துக்கு வாரம் மாறும். உங்கள் பயணத்துக்கான விலையைக் கம்பெனியின் தளத்தில் உங்கள் புக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்து, அதையே கணக்கில் வையுங்கள்.

படி 1: காசு கொடுக்காமல் என்ன கிடைக்கிறது

மெயின் டைனிங் ரூமில் ஒவ்வொரு ராத்திரியும் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து உண்டு: ஸ்டார்ட்டர், மெயின், டெசர்ட். ஸ்டார்ட்டர் இரண்டு வேண்டும், மெயின் இரண்டு வேண்டும் என்று கேட்டாலும் கொண்டுவருவார்கள், கூடுதல் காசு கிடையாது. 7 இரவுப் பயணமென்றால் ஒரு ஃபார்மல் ராத்திரியில் (எல்லோரும் நன்றாக உடுத்தி வரும் ராத்திரி) லாப்ஸ்டர் வாலும் வரும். முதல் வாலுக்குக் காசில்லை, அடுத்தது கேட்டால்தான் பில். மேல் தளத்தில் விண்ட்ஜாமர் பஃபே. பீட்சாவுக்கு சொரென்டோஸ். ராத்திரி நேரம் கழித்தும் சாண்ட்விச்சும் குக்கியும் கிடைக்கும் கஃபே ப்ரோமனேட். பெரிய ஓயாசிஸ் வகைக் கப்பல்களில் இவை போக பார்க் கஃபே, எல் லோகோ ஃப்ரெஷ் என்று இன்னும் சில.

தனிக் காசுக்கு இருப்பவை, அதாவது ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்கள்: ஸ்டீக்குக்கு சாப்ஸ் கிரில், இத்தாலியச் சாப்பாட்டுக்கு ஜியோவானிஸ், ஜப்பானிய சூஷிக்கும் சூடான தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிடும் ஹிபாச்சிக்கும் இசூமி. ஓயாசிஸ் வகையில் 150 சென்ட்ரல் பார்க், வொண்டர்லேண்ட் போன்றவையும் சேரும். வயதான சிறிய கப்பல்களில் முதல் மூன்றோடு கதை முடிந்துவிடும்.

இதிலேயே பாதி முடிவு இருக்கிறது. ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்களில் மெனு தினமும் மாறாது. மூன்றே ரெஸ்டாரன்ட் இருக்கிற கப்பலில் 7 இரவுக்கு அன்லிமிடெட் வாங்கினால், நாலாம் நாள் ராத்திரி உங்கள் கையில் இருப்பது முதல் நாள் பார்த்த அதே அட்டைதான். மெயின் டைனிங் ரூமிலோ ஒவ்வொரு ராத்திரியும் வேறு மெனு.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. கேபின் கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் ஏறுகிற டிப்ஸ் மெயின் டைனிங் ரூம் பரிமாறுபவர்களுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் அந்தப் பக்கமே போகாவிட்டாலும் அது ஏறும். பேக்கேஜ் வாங்கினால் அதற்கும் தனியாக 18 சதவீதம் டிப்ஸ் உண்டு.

படி 2: உண்மையில் எத்தனை வேளை இருக்கிறது

ஒரு தாளில் பயண நாட்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கட்டம்: மதியம், ராத்திரி. பிறகு அடிக்க ஆரம்பியுங்கள்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் மதியக் கட்டத்தை அடித்துவிடுங்கள். ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்கள் பொதுவாக மதியம் திறப்பது கரை தொடாத கடல் நாட்களில் மட்டும்தான். திறந்திருந்தாலும் நீங்கள் ஊர் சுற்றப் போயிருப்பீர்கள். ஏறும் நாள் மதியம் சில கப்பல்களில் ஒன்றிரண்டு ரெஸ்டாரன்ட் திறப்பார்கள். அதை நிச்சயம் என்று கணக்கில் எடுக்காதீர்கள், கிடைத்தால் லாபம்.

ராத்திரியில் லாப்ஸ்டர் வரும் ஃபார்மல் நாள் ஒன்றை அடியுங்கள். பெரிய ஷோ பார்க்கப் போகும் நாட்களை வட்டமிடுங்கள். சாப்ஸில் ஒரு விருந்து முடிய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும், ஹிபாச்சியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஷோவுக்கு ஒரு மணி நேரம் முன்பு உட்கார்ந்தால் டெசர்ட் வருவதற்குள் எழுந்து ஓட வேண்டியிருக்கும். துறைமுகத்தில் நாள் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டுத் திரும்பும் ராத்திரிகளையும் யோசியுங்கள். அன்றைக்கு மூன்று கோர்ஸ் விருந்தை யாருக்கும் உடம்பு கேட்காது. பீட்சாவோடு படுக்கப் போகிறவர்களே அதிகம்.

சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், சிங்கப்பூர் என்று போகிற 4 இரவுப் பயணத்தை இப்படி அடித்துப் பாருங்கள். கடல் நாள் ஒன்றே ஒன்று, அதனால் மதியம் ஒன்று. ராத்திரி நாலு. அதில் முதல் ராத்திரி கப்பலைச் சுற்றிப் பார்ப்பதிலும் கடைசி ராத்திரி பெட்டி கட்டுவதிலும் போகும். நிம்மதியாக உட்காரக் கிடைப்பது இரண்டு ராத்திரி, ஒரு மதியம். இதற்கு அன்லிமிடெட் தேவையே இல்லை.

7 இரவு கரீபியனில் கடல் நாள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. ராத்திரியில் நாலைந்து தேறும். அங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்கும் அவசியமே வருகிறது.

படி 3: விலையை முழு விலையாக்குங்கள்

திரையில் தெரிவது முழு விலை அல்ல. 18 சதவீதம் டிப்ஸ் தனியாக ஏறும். தனித்தனி ரெஸ்டாரன்ட் விலைக்கும் அப்படியே. இரண்டு பக்கமும் 1.18-ஆல் பெருக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பெருக்கிவிட்டு ஏமாறுவதுதான் அடிக்கடி நடப்பது. காட்டும் விலை ஒரு நாளைக்கா, முழுப் பயணத்துக்கா என்பதையும் பாருங்கள். குடிவகைப் பேக்கேஜ் ஒரு நாள் கணக்கில் வரும். டைனிங்கும் அப்படித்தான் என்று நினைத்துக் குழம்புவது உண்டு.

இந்திய கார்டில் கட்டுபவர்கள், டாலர் பரிவர்த்தனைக்கு வங்கி எடுக்கும் மார்க்கப்பையும் சேருங்கள். பல கார்டுகளில் அது 2 முதல் 3.5 சதவீதம். கப்பலுக்குள் கணக்கு முழுவதும் அமெரிக்க டாலரில்தான்.

படி 4: கணக்கு

மாதிரியாக 7 இரவுப் பயணம், ஒரு ஆள்:

சாப்ஸ் ராத்திரி 70 டாலர், டிப்ஸோடு 82.60
ஹிபாச்சி 65, டிப்ஸோடு 76.70
ஜியோவானிஸ் ராத்திரி 55, டிப்ஸோடு 64.90
மதியம் எதுவானாலும் 25, டிப்ஸோடு 29.50
மூன்று ராத்திரிப் பேக்கேஜ் (ஸ்பெஷாலிட்டியில் மூன்று ராத்திரி மட்டும்) 150, டிப்ஸோடு 177
அன்லிமிடெட் 300, டிப்ஸோடு 354

மூன்று ரெஸ்டாரன்ட்டிலும் ஒவ்வொரு ராத்திரி தனித்தனியாகச் சாப்பிட்டால் 224.20. மூன்று ராத்திரிப் பேக்கேஜில் அதே மூன்றும் 177. மிச்சம் 47.20. இது நேரடியான லாபம்.

அன்லிமிடெட்டுக்கு வருவோம். அந்த மூன்று ராத்திரியோடு மூன்று மதியத்தையும் சேருங்கள்: 312.70. இன்னும் 354-ஐத் தொடவில்லை. மதியம் ஒன்றைக் குறைத்து, சாப்ஸுக்கு இன்னொரு ராத்திரி போனால் 365.80. அதாவது நாலு ராத்திரி, இரண்டு மதியம் சாப்பிட்ட பிறகுதான் 11.80 டாலர் லாபம். ஒரே ஒரு மதியம் தவறினாலும் நஷ்டம்.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. அன்லிமிடெட்டை ஒப்பிட வேண்டியது தனித்தனி விலையோடு அல்ல, மூன்று ராத்திரிப் பேக்கேஜோடு. இரண்டுக்கும் வித்தியாசம் 177 டாலர். அந்த 177-க்கு நீங்கள் கூடுதலாகச் சாப்பிடப் போவது என்ன? இன்னொரு சாப்ஸ் ராத்திரியும் மூன்று மதியமும் என்றால் 171.10. மூன்று ராத்திரிப் பேக்கேஜை வாங்கிவிட்டு இவற்றைத் தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிட்டாலே 6 டாலர் குறைவு. கூடுதலாக இரண்டு ராத்திரியும் ஒன்றிரண்டு மதியமும் நிச்சயம் என்றால் மட்டும் அன்லிமிடெட் ஜெயிக்கும். ஆக மொத்தம் ஐந்து ராத்திரி ஸ்பெஷாலிட்டியில். அப்படியானால் மெயின் டைனிங் ரூமுக்கு இரண்டே ராத்திரி. அது உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி.

இதற்கும் அடியில் ஒரு கணக்கு உண்டு, அதைக் கால்குலேட்டரில் போட முடியாது. பேக்கேஜ் இல்லாவிட்டால் அந்த மதியம் 29.50 டாலர் கொடுத்து சாப்ஸில் உட்கார்ந்திருப்பீர்களா, விண்ட்ஜாமரில் தட்டை நீட்டியிருப்பீர்களா? விண்ட்ஜாமர்தான் என்றால், அந்த 29.50-ஐ லாபக் கணக்கில் எழுதாதீர்கள். காசு கொடுத்துச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், அதனால் எதுவும் மிச்சமாகவில்லை. நேர்மையாகப் போட்டால் பல பேருடைய கணக்கில் மதியங்கள் எல்லாமே விழுந்துவிடும். ஃபுல் மீல்ஸ் வாங்கிவிட்டோமே என்று பசியில்லாமல் இரண்டாம் ரசம் வாங்குகிற கதைதான்.

படி 5: பேக்கேஜுக்குள் வராதவை

சாப்ஸில் டிரை ஏஜ்ட் ஸ்டீக், முழு லாப்ஸ்டர் போன்றவற்றுக்கு மெனுவிலேயே பக்கத்தில் ஒரு தொகை போட்டிருக்கும். பேக்கேஜ் இருந்தாலும் அது தனி. மது, குளிர்பானம், எஸ்பிரெஸோ வகைக் காபி எதுவும் சேராது. சாதாரணக் காபி, டீ, தண்ணீருக்குக் காசில்லை. அன்லிமிடெட் வைத்திருப்பவர்களுக்கு ஒயின் பாட்டிலில் தள்ளுபடி கொடுப்பார்கள். ராத்திரிக்கு ஒரு பாட்டில் திறக்கிற ஜோடிக்கு, பேக்கேஜின் நியாயம் சாப்பாட்டைவிட இதில்தான் அதிகம் இருக்கும். குடிக்காதவர்களுக்கு இது வெறும் எழுத்து.

இசூமியில் சூஷி பக்கம் உட்கார்ந்தால் அன்லிமிடெட் என்ற சொல்லுக்கு அர்த்தம் மாறும். அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் தனி விலை. பேக்கேஜ்காரர்களுக்கு ஒரு வருகைக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு, வழக்கமாக 35 டாலர். அதற்கு மேல் சாப்பிட்டால் பில் வரும். பிளேமேக்கர்ஸ் என்ற ஸ்போர்ட்ஸ் பாரிலும் இதே முறை, வரம்பு இன்னும் குறைவு. செஃப்ஸ் டேபிள் மாதிரியான ஒரே மேசை விருந்துகள் இதில் வரும் என்று எண்ண வேண்டாம். ஸ்டார்பக்ஸும் ரூம் சர்வீஸும் இந்தக் கணக்கில் சேராதவை.

பெரிய கப்பல்களில் ஸ்டார் கிளாஸ் சூட் எடுத்தவர்களுக்கு ஸ்பெஷாலிட்டி சாப்பாடு ஏற்கெனவே சேர்ந்தே இருக்கிறது. அவர்கள் தனியாக வாங்கினால் அது தானம்.

படி 6: யார் யாருக்கு வாங்க வேண்டும்

குடிவகைப் பேக்கேஜில் ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்ற விதி உண்டு. டைனிங்கில் அந்தக் கட்டாயம் கிடையாது. ஒருவர் மட்டும் வாங்கலாம். ஆனால் ஒருவர் மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்: நீங்கள் சாப்ஸில், உங்கள் மனைவியோ கணவரோ பஃபேயில். இல்லையென்றால் அவரும் கூட வந்து முழு விலை கொடுக்க வேண்டும்.

குழந்தைகளுக்குப் பேக்கேஜே வேண்டாம். 5 வயது வரை ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்டில் கட்டணமில்லை. 6 முதல் 12 வரை பெரியவர் விலையைவிட மிகக் குறைந்த நிலையான தொகை. 13 ஆனால் முழு விலை. பதின்ம வயதுப் பிள்ளை இரண்டு இருக்கும் குடும்பத்துக்கு இந்த ஒரு வரியே மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும்.

சைவர்களுக்கு நேரடியாகச் சொல்லிவிடலாம்: அன்லிமிடெட் வேண்டாம். சாப்ஸின் விலையே மாமிசத்துக்கான விலை. அங்கே சாலடும் உருளைக்கிழங்கும் பக்கத் தட்டுகளும் சாப்பிட்டு 82 டாலர் கொடுப்பது வீண். ஜியோவானிஸ் ஒன்றில்தான் சைவருக்கு உருப்படியாக இரண்டு மூன்று வகை கிடைக்கும், அதுவும் ஒரு ராத்திரிக்குப் போதும். கண்டிப்பான சைவர் சில இடங்களில் கேட்டே ஆக வேண்டும். பர்மேஜானோ சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட் சேர்த்துச் செய்வது. சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் இருக்கும். பிரெஞ்சு வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்பு ஸ்டாக்கில் கொதித்தது. மீசோ சூப்புக்கு அடித்தளமே மீன் சாறு. ஹிபாச்சியில் காய்கறி, டோஃபு கேட்டால் செய்து கொடுப்பார்கள், ஆனால் ஒரு நிமிடம் முன்பு பக்கத்து ஆளுக்கு மாட்டிறைச்சி புரட்டிய அதே தட்டு அது.

இதற்கு எதிராக மெயின் டைனிங் ரூமில் ஹெட் வெயிட்டரிடம் முதல் ராத்திரியே சொல்லிவைத்தால், மறுநாள் முதல் இந்திய சைவச் சாப்பாடு தனியாகச் செய்து தருவார்கள்: பருப்பு, ஒரு காய், சாதம், சப்பாத்தி. வெங்காயம் பூண்டு வேண்டாம் என்றாலும் கேட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இதற்குப் பைசா கிடையாது. ஸ்பெஷாலிட்டியில் 82 டாலர் கொடுத்தாலும் இந்த வசதி கிடைக்காது.

மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்களுக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. கோழி, மீன், இறால் எல்லா ரெஸ்டாரன்ட்டிலும் உண்டு. ஆனாலும் ஸ்டீக் சாப்பிடாதவருக்கு சாப்ஸ் இரண்டாம் முறை எதற்கு? ஹலால் தேவைப்படுபவர்கள் வாங்கும் முன்பே கம்பெனிக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

படி 7: எப்போது வாங்குவது

கப்பலில் ஏறுவதற்கு முன்பு, தளத்திலேயே. கப்பலுக்குள் விலை பெரும்பாலும் கூடுதல். முன்பே வாங்கியதை, பயணத்துக்கு முன் விதிக்கப்பட்ட கெடு வரை ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். அதனால் சுமாரான விலை வந்ததும் வாங்கிப் போட்டுவிடுங்கள். பிறகு விலை இறங்கினால் பழையதை ரத்து செய்துவிட்டு மறுபடி வாங்குங்கள். இதில் ஒழுங்கு முக்கியம்: முதலில் புது விலை உண்மையிலேயே தளத்தின் ஷாப்பிங் கார்ட்டில் சேர்கிறதா என்று பாருங்கள், பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். திரும்பும் பணம் கார்டுக்கு வர சில நாள் ஆகும் என்பதால் லிமிட் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். "இன்றே கடைசி" மெயிலுக்குப் பயப்பட வேண்டாம். அடுத்த வாரம் வேறு பெயரில் இன்னொரு தள்ளுபடி வரும்.

ஒன்றிரண்டு ராத்திரி போதும் என்று முடிவாகிவிட்டால், தளத்தில் தனி ரெஸ்டாரன்ட் விலையையும் பாருங்கள். சில நேரம் மூன்று ராத்திரிப் பேக்கேஜின் சராசரிக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். முதல் ராத்திரி ரெஸ்டாரன்ட்கள் காலியாக இருப்பதால், ஏறும் நாளன்று பல கப்பல்களில் வாசலிலேயே தள்ளுபடி சொல்லிக் கூப்பிடுவார்கள்.

படி 8: ஏறியதும் முதல் ஒரு மணி நேரம்

பேக்கேஜ் வாங்கியவர்கள் அதிகம் புலம்புவது சாப்பாட்டைப் பற்றி அல்ல, நேரத்தைப் பற்றி. வாங்கியதும் உங்கள் கணக்கில் முதல் நாளோ இரண்டாம் நாளோ ஏதோ ஒரு ரெஸ்டாரன்ட், ஏதோ ஒரு நேரம் என்று ஒரு ரிசர்வேஷன் தானாக விழுந்திருக்கும். அது இடம் பிடித்து வைத்த துண்டு மாதிரி. அதுதான் உங்கள் நேரம் என்று இருந்துவிடாதீர்கள். மற்ற ராத்திரிகளுக்கு எதுவும் பதிவாகியிருக்காது. கப்பலில் ஏறியதும் நீங்கள்தான் போய்ப் போட வேண்டும்.

பெட்டி கேபினுக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள், பஃபே வரிசையிலும் நிற்காதீர்கள். நேராக ஏதாவது ஒரு ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட் வாசலுக்குப் போங்கள். அங்கே ஒருவர் டேப்லெட்டோடு நிற்பார். எல்லா ரெஸ்டாரன்ட்டுக்கும் அவரே பதிவு செய்வார். முதலில் ஹிபாச்சியைக் கேளுங்கள். அங்கே தட்டைச் சுற்றி இருக்கும் இருக்கைகள் கொஞ்சம்தான், பெரிய கப்பலில் முதலில் தீர்வதும் அதுதான். அடுத்து ஷோ இல்லாத நாட்களில் சாப்ஸ். மதியங்கள் எளிதாகக் கிடைக்கும், கடைசியில் கேட்டால் போதும். படி 2-இல் எழுதிய தாளைக் கையில் வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் மிஞ்சியிருப்பது மாலை 5 மணியும் ராத்திரி 9 மணியும்தான்.

நேரம் மாற்ற வேண்டுமானால் ஒரு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போகாமல் இருந்தால் கட்டணம் பிடிக்கலாம், பேக்கேஜ் இருந்தாலும்.

மற்ற கம்பெனிகளில்

நார்வேஜியனில் "இலவச" ஸ்பெஷாலிட்டி விருந்துகள் என்று டிக்கெட்டோடு கொடுப்பார்கள். பயண நாட்களைப் பொறுத்து எத்தனை விருந்து என்று எண்ணிக்கை மாறும். உணவு இலவசம், அதன் மீதான 20 சதவீத டிப்ஸ் இலவசம் இல்லை. அது டிக்கெட் பில்லில் வேறு ஒரு வரியில் ஒளிந்திருக்கும். பிரின்சஸில் பிரீமியர் என்ற மேல்தட்டுக் கட்டணத்தில் வைஃபை, குடிவகையோடு ஸ்பெஷாலிட்டி சாப்பாடும் சேர்ந்தே வருகிறது. அங்கே சாப்பாட்டை மட்டும் பிரித்துக் கணக்குப் போட முடியாது, மற்ற இரண்டும் உங்களுக்குத் தேவையா என்பதே முதல் கேள்வி. கார்னிவலில் ஸ்டீக்ஹவுஸுக்கு ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம். டிஸ்னியில் பாலோ போன்றவை பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் தனித்தனியாக முன்பதிவு செய்வது. கடைசி இரண்டிலும் மேலே போட்ட கணக்கில் படி 2 மட்டும் போதும்: எத்தனை ராத்திரி உட்காரப் போகிறீர்கள், அதற்கு மட்டும் காசு.